எம்பி3 எங்கும் போகவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், நேரம் போவதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். 'பாட்டைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 கோப்பு வகை செல்வாக்கு இழந்துவிட்டதா, இல்லையா' என்பது தலைப்பு. இழக்கவில்லை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் பெரிய குண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டார். எம்பி3-ஐ உருவாக்கிய ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமே 2017 ஏப்ரலில் உரிமம் வழங்குவதை நிறுத்திவிட்டது, பெற்றவர்களே கைகழுவிய பிள்ளையை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். உரிமம் ஏன் நின்றது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அதுவரை எம்பி3 கருவியும் மென்பொருளும் விற்றவர்கள் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம் யாரும் யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. சுங்கச்சாவடியை எடுத்துவிட்டார்கள் என்றால் சாலையை மூடிவிட்டார்கள் என்றா பொருள்? காப்புரிமைக்குப் பயந்து பல ஆண்டுகள் எம்பி3-ஐ வெளியே நிறுத்தியிருந்த ஃபெடோரா லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளம், அந்த 2017-இல்தான் அதை முழுதாக உள்ளே சேர்த்துக்கொண்டது.

அடுத்தவர் தரத்தைப் பிடித்துக்கொண்டார். எம்பி3 பாட்டை வெட்டிச் சிதைக்கிறதாம். வெட்டுகிறது, உண்மைதான். எதை வெட்டுகிறது? திருவிழாவில் தவில் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் மெல்லச் சொல்வது நம் காதில் விழாது. பெரிய ஓசை சின்ன ஓசையை மறைத்துவிடும். காதுக்கு எட்டாத அந்தப் பகுதிக்கு எதற்கு இடம் என்று கேட்டவர்கள் எம்பி3-ஐ உருவாக்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோடு உழைத்தவர்களும். பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு பெண் தனிக்குரலில் பாடிய பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, குரல் கரகரக்காத வரை விடாமல் செப்பம் செய்தார்கள். சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவைப்பட்ட இசை 128-க்குள் அடங்கியது. ஐந்து நிமிடப் பாட்டு 50 மெகாபைட்டிலிருந்து 5 மெகாபைட்டுக்கு வந்தது. ஒரு படத்தின் பாட்டும் இன்னொரு படத்தின் பாதியும் மட்டுமே கொண்ட சிடி, நூற்று நாற்பது பாட்டைத் தாங்கியது அப்படித்தான். 128-இல் ஜால்ரா ஒலி கொஞ்சம் கரைந்து கேட்கும், மறுக்கவில்லை. 320-இல் பதிந்து கேளுங்கள். சிடியிலிருந்து பிரித்துச் சொல்லும் காது நூற்றில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

சரி, முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இப்போது எல்லோரும் ஆப்பில்தானே கேட்கிறார்கள் என்கிறார்கள். கேட்கிறார்கள். 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும், செல்போன் கடை வாசலில் மெமரி கார்டோடு பாட்டு ஏற்றக் காத்திருந்த கூட்டம் கரைந்தது. அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் அந்த ஆப்பில் இருப்பது யாருடைய பாட்டு? 2024 ஜனவரியில் ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டில் விங்க் என்ற ஆப்பும் மூடப்பட்டது. அவற்றில் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பட்டியல் போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். குடியிருந்த வீட்டை ஒரே நாளில் காலி செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? என் தம்பி 2006-இல் சிடியிலிருந்து இறக்கிய எம்பி3 பாட்டு மூன்று கணினி, நான்கு போன் மாறியும் இன்னும் பாடுகிறது. அதைக் காலி செய்யச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

போன மாதம் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை ஏறும் பேருந்தில் போனேன். காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு முன் சீட்டில் ஒரு பையன் போனில் பாட்டு கேட்டுக்கொண்டு வந்தான். ஏழெட்டு வளைவு ஏறியதும் சிக்னல் போய்விட்டது. திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, பாட்டு வரவில்லை. கடைசியில் இயர்போனைக் கழற்றி மடியில் வைத்தான். ஓட்டுநருக்கு மேலே ஒரு பிளேயர், அதில் சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ். செம்மேடு வரை ஒரு வளைவில்கூட அது நிற்கவில்லை. பாதி மலையில் அந்தப் பையனும் அதோடு சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான். அந்தப் பென்டிரைவில் இருந்தது ஆக் வோர்பிஸ், ஓபஸ் போன்ற வேறு கோப்பு வகையா? இறங்கும்போது ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டேன். "எம்பி3தான் சார், எந்த வண்டியில சொருகினாலும் பாடும்" என்றார். செல்வாக்குக்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம், நடுவர் அவர்களே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பத்தா நடவுப் பாட்டு நன்றாகப் பாடும். 2009-இல் மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து பாடியதைச் சித்தப்பா பட்டன் போனில் பிடித்தார். அந்தப் போன் ஏஎம்ஆர் என்ற வகையில் பதிந்தது. பிறகு வாங்கிய இரண்டு போன்களில் அது திறக்கவே இல்லை. நல்லவேளை, அத்தை மகன் அதை எம்பி3-ஆக மாற்றிச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்தான். அப்பத்தா இப்போது இல்லை. நடுவில் ஓர் இடத்தில் மாடு கத்தும், "இரு இரு" என்று அதட்டிவிட்டு விட்ட அடியிலிருந்து மறுபடி எடுக்கும். எந்த ஆப்பில் தேடினாலும் அந்தக் குரல் கிடைக்காது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. நாட்டில் இப்படி எத்தனை வீடுகள், எத்தனை ஒப்பாரி, எத்தனை தாலாட்டு! எதிரணியின் கணக்கில் இவை எதுவும் சேரவில்லை.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். மேடை ஏறுமுன் மைக்செட் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய மிக்ஸரில் ஒரு பென்டிரைவ் சொருகியிருக்கிறது, பாருங்கள், சின்ன விளக்கு எரிகிறது. எதிரணி பேசியது, நான் பேசுவது, நடுவர் சொல்லப்போகும் தீர்ப்பு, எல்லாம் அதில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. எந்த வகைக் கோப்பு என்று கேட்டேன். எம்பி3 என்றார். வணக்கம்.