டக் டக் என்று கேட்டால் அணைத்துவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹார்ட் டிஸ்க் பற்றிப் பேச வானொலி நல்ல இடம். டிஸ்க் கெடப்போவதைப் பல நேரம் கண்ணைவிட முன்னதாகக் காதுதான் கண்டுபிடிக்கும். லேப்டாப்பில் நாம் மணிக்கட்டை வைக்கிற இடத்துக்குக் கீழேதான் டிஸ்க் வழக்கமாக இருக்கும். அங்கிருந்து மெல்லிசாக, சீராகச் சுழலும் ஓசை வந்தால் கவலையில்லை. அதற்கு நடுவே டக், டக், டக் என்று தாளம் போட்ட மாதிரி கேட்டால், தகட்டைப் படிக்கிற ஹெட் தன் இடம் தெரியாமல் போய்ப் போய்த் திரும்புகிறது என்று பொருள். அந்த நொடியே லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டவுன் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இதை இன்னும் சில தடவை சொல்லப் போகிறேன். டேட்டா ரெக்கவரி, அதாவது கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பதே இதுதான்.

ஏன் இத்தனை அவசரம்? உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான தகடு, சாதாரண லேப்டாப் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 90 சுற்று. அதன் மேல் ஹெட் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. ஹெட் சேதமாகித் தகட்டை உரச ஆரம்பித்தால், அந்த வேகத்தில் பூச்சையே சுரண்டி எடுத்துவிடும். உங்கள் புகைப்படமும் கணக்கும் இருப்பது அந்தப் பூச்சில்தான். சுரண்டிப் போனதை உலகத்தில் எந்த லேபும் திருப்பித் தர முடியாது. “இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போமே” என்கிறோம் பாருங்கள், அந்த இன்னொரு தடவைதான் ஆபத்து.

சத்தமே இல்லாமலும் கெடும். ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும், மவுஸ் மட்டும் நகரும். படிக்க முடியாத ஒரு சின்ன இடத்தில் சிக்கிக்கொண்ட டிஸ்க், விடாமல் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது. தொழிலில் அதை பேட் செக்டர் என்போம். அப்புறம் ஒருநாள், லேப்டாப் தொடங்கும்போதே டிரைவைச் சோதித்துச் சரிசெய்கிறேன் என்று விண்டோஸ் கிளம்பும். பலரும் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வேலை டிஸ்க்கின் மேலேயே எழுதும், திருத்தும். நல்ல டிஸ்க்குக்குச் சரி. நோயாளி டிஸ்க்குக்கு அது கூடாது. முதலில் காப்பி, ரிப்பேர் அதற்குப் பிறகுதான்.

ஒரு ஹார்டுவேர் கடைக்காரம்மா லேப்டாப்போடு வந்தார். என்னென்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “எல்லாமே வேணும் சார்” என்றார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். எது போனால் நாளைக்குக் கடை திறக்க முடியாது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, டேலி மென்பொருளில் போட்டு வைத்த கடைக் கணக்கு என்றார். பல வருடக் கணக்குதான், ஆனால் ஒரு சினிமாப் பட ஃபைலில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதற்குப் போனோம். உயிரான ஃபைல் அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கிறது. கடைக்குப் போகும் முன்பே அது எந்த ஃபோல்டர் என்று யோசித்து வையுங்கள்.

மீதியை எடுக்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில், விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் போட்டு அதிலிருந்து ஓட்டுவோம். நோயாளி டிஸ்க்கிலிருந்து விண்டோஸைக் கிளப்பவே மாட்டோம். டிடிரெஸ்க்யூ சுலபமாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் அள்ளி வேறொரு டிஸ்க்கில் போட்டுவிடும். முரண்டு பிடிக்கிற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போய், கடைசியில்தான் அங்கே திரும்பி வரும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இறக்கப்போகிற டிஸ்க்கிடம் இப்படித்தான் வேலை வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் கொலம்பியா விண்கலத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு அந்த ஓடம் வானத்திலேயே சிதறியது. உள்ளே செனான் வாயுவின் பாகுநிலை, அதாவது ஓடும்போது அது காட்டும் பிசுபிசுப்பு பற்றி ஒரு சோதனை நடந்தது. அதன் தரவில் ஒரு பகுதி ஏற்கெனவே பூமிக்கு வந்திருந்தது. மீதி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. கொள்ளளவு சுமார் 400 எம்பிதான். ஆறு மாதம் கழித்து டெக்சாஸில் வறண்ட ஏரிப் படுகையில் அது கிடைத்தது, கருகி, உருகி. க்ரோல் ஆன்ட்ராக் என்ற நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கவனியுங்கள், இதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். தகடுகளை மட்டும் கழற்றி, ரசாயனத்தில் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்க்கின் உடலில் வைத்துப் படித்தார்கள். தூசி புகுந்து தகட்டில் குழி விழுந்திருந்தது, ஆனால் தரவு எழுதப்படாத இடத்தில். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்ற பழைய இயங்குதளம் என்பதால் ஃபைல்கள் அங்கும் இங்கும் சிதறாமல் சேர்ந்தே கிடந்தன. 99 சதவீதம் மீண்டது. 2008-இல் அந்தச் சோதனையின் முடிவு ஆய்விதழில் வெளிவந்தது. விண்ணிலிருந்து விழுந்த டிஸ்க்கே படிக்கக் கிடைத்தது. மேசையிலிருந்து விழுந்த உங்கள் டிஸ்க்குக்கும் வாய்ப்பு உண்டு, அணைத்து வைத்தால்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டி பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் சத்தம் வராது, எச்சரிக்கை இல்லாமலே போகலாம். அழித்த ஃபைலை மீட்பதும் அதில் பெரும்பாலும் நடக்காது, டிரிம் என்ற ஏற்பாடு அந்த இடத்தைத் துடைத்துவிடும். ஃப்ரீசரில் டிஸ்க்கை வைக்கச் சொன்னால் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். வீட்டில் திருப்புளி எடுத்துத் திறக்கவும் வேண்டாம். கடைசியாக ஒன்று: புது விண்டோஸ் லேப்டாப்களில், டிஸ்க்கில் இருப்பதைச் சங்கேதமாக மாற்றி வைக்கிற பிட்லாக்கர் பூட்டு உங்களுக்குத் தெரியாமலே போட்டிருக்கலாம். டிஸ்க்கை வெளியே எடுத்துப் படிக்க அதன் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

வணக்கம்.