கேள்வி பதில்: இன்ஸ்டாகிராமில் விற்பனை நன்றாக நடக்கும்போது தனி இணையதளம் எதற்கு?

அனைவருக்கும் வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறார். "ஐயா, எனக்கு வரும் ஆர்டர்கள் எல்லாம் இன்ஸ்டாகிராம் வழியாகத்தான் வருகின்றன. சமூக ஊடகத்தை மட்டும் நம்பித் தொழில் செய்யாதீர்கள் என்று சொல்கிறீர்கள். செலவில்லாமல் நடப்பதை விட்டுவிட்டு இணையதளத்தில் ஏன் பணம் போட வேண்டும்? ஒருவேளை என் கணக்கு முடங்கினால் யாரிடம் போய்க் கேட்பது?" இதுதான் அவருடைய கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. இன்ஸ்டாகிராமை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சேலை கண்ணால் பார்த்து வாங்கும் பொருள். பகல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்துக் காட்டி, கையால் முடிந்த முடிச்சு ஒவ்வொன்றும் துணியில் எப்படிப் புள்ளியாக விழுந்திருக்கிறது என்று நீங்கள் காட்டும் அரை நிமிட ரீல்ஸ், உங்கள் ஊர்ப் பெயரையே கேள்விப்படாத ஒருவரிடம் உங்கள் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. புதியவர்களுக்கு அறிமுகமாவதற்கு அதைவிட மலிவான வழி இன்று இல்லை. அறிமுகம், விலை பேசுவது, ஆர்டர், முகவரி, பணம் வந்ததற்கான சான்று, பழைய வாடிக்கையாளரின் நினைவு ஆகிய அத்தனையும் அந்த ஒரே செயலிக்குள் கிடப்பதுதான் என் கவலை.

உங்களுக்கு ஓர் ஆர்டர் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் போட்ட ஸ்டோரியை ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "இது இருக்கா?" என்று டிஎம்மில், அதாவது தனிச் செய்தியில், கேட்கிறார். நீங்கள் விலை சொல்கிறீர்கள். அவர் ஜிபேயில் பணம் அனுப்பி, அதன் ஸ்க்ரீன்ஷாட்டை அதே இடத்தில் போடுகிறார். பிறகு வீட்டு எண், தெரு, பின்கோடு, கைப்பேசி எண் எல்லாவற்றையும் அங்கேயே தட்டச்சு செய்கிறார். கூரியர் ரசீதைப் படமெடுத்து நீங்களும் அங்கேயே அனுப்புகிறீர்கள். இப்போது, தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள் காலையில் அந்தக் கணக்கு திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய விற்பனை நின்றுபோவது இரண்டாவது பிரச்சினை. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்குச் சேலையை அனுப்ப உங்களிடம் முகவரி இருக்காது என்பதுதான் முதல் பிரச்சினை. வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்கும். யார் எந்தச் சேலைக்குக் கட்டினார், அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மூடிய கணக்குக்குள் இருக்கும். அவர்கள் உங்களை ஏமாற்றுக்காரர் என்று நினைத்தால், விளக்கம் சொல்லவும் உங்களுக்கு வழி இருக்காது. நேர்மையாகத் தொழில் செய்கிற ஒருவருக்கு இதைவிடக் கொடுமையான நிலை வேறென்ன இருக்க முடியும்?

"நான் விதியை மீறவில்லையே, என் கணக்கை ஏன் முடக்கப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தவறு எதுவும் இல்லாமலேயே இது நடக்கும். 2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 59 சீனச் செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. டிக்டாக்கும் அவற்றில் ஒன்று. நம் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் எத்தனையோ பேர் அதில் லட்சக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்து, அதை வைத்தே விளம்பர வருமானமும் விற்பனையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடை சரியா, தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எல்லையில் நடந்த மோதலையடுத்து அரசு எடுத்த முடிவுக்கும், ஊரில் வீடியோ போட்டுக்கொண்டிருந்தவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் சேர்த்து வைத்த கூட்டம் ஓரிரு நாட்களில் கைவிட்டுப் போனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஆயினும் டிக்டாக்கில் பின்தொடர்ந்தவர்களை அப்படியே அங்கே மாற்றிக்கொள்ள வழி இருக்கவில்லை. யூடியூபில் முன்பே கால் ஊன்றியிருந்தவர்களும், வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் குறித்து வைத்திருந்தவர்களும் ஓரளவு தப்பித்தார்கள். மற்றவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இலங்கையிலிருந்து இதைப் பார்க்கும் நேயர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. 2018 மார்ச் மாதக் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போதும் அங்கே ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவை முடக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் நேபாள அரசு, தன்னிடம் பதிவு செய்துகொள்ளாத 26 தளங்களை ஒரே உத்தரவில் நிறுத்தியது. அந்தத் தடை சில நாட்களே நீடித்தது என்றாலும், அது எப்போது நீங்கும் என்பது அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது.

அரசு ஒன்றும் செய்யாவிட்டாலும் இயந்திரம் பழுதாகலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்புப் பணியின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவற்றை நடத்தும் நிறுவனத்தின் உள் வலையமைப்பே துண்டிக்கப்பட்டு, அதன் சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்று இணையத்துக்கே தெரியாமல் போனதுதான் காரணம். நம் நேரப்படி அது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கியது. வீட்டு வேலை முடிந்து பெண்கள் கைப்பேசியைக் கையில் எடுக்கும் அந்த நேரத்தில்தான் சேலை வியாபாரம் சூடு பிடிக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் போனால் வாட்ஸ்அப் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். இரண்டும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அன்று இரண்டும் சேர்ந்தே நின்றன. ஆகையால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றுவழி ஆகாது.

இவையெல்லாம் திடீரென்று வருகிற ஆபத்துகள். மெதுவாக வருகிற ஆபத்துதான் சிறு வியாபாரிகளை அதிகம் பாதிக்கிறது என்பது என் கருத்து. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுத்து, வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்துக் காட்டப் போவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. எந்தப் பக்கமும் முடக்கப்படவில்லை, பின்தொடர்வோர் எண்ணிக்கையும் அப்படியே இருந்தது. ஆனால் போட்ட பதிவு பலரைச் சென்றடையவில்லை. உங்கள் பக்கத்தை விரும்பிப் பின்தொடர்ந்தவருக்கே உங்கள் பதிவைக் காட்ட விளம்பரப் பணம் கட்ட வேண்டிய நிலை அப்படித்தான் உருவானது. அதேபோல், நேரலையில் பொருளைக் காட்டி விற்பதற்கென்று கொண்டுவந்த வசதியை ஃபேஸ்புக் 2022 அக்டோபரிலும் இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சிலும் நிறுத்திவிட்டன. அந்த நிறுவனம் தன் லாபத்துக்கு ஏற்ற முடிவை எடுக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. அந்த முடிவு எடுக்கப்படும் இடத்தில் நீங்கள் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்படியானால் உங்களுக்கென்று சொந்தமாக இருப்பது எது? ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்ஸ்டாகிராமின் அமைப்புகளில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதில் பின்தொடர்வோர் பட்டியலைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். கணக்குப் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். ஒருவருடைய கைப்பேசி எண்ணோ, மின்னஞ்சலோ, ஊரோ இருக்காது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கூட்டம் என்று நீங்கள் நினைப்பது, அந்தச் செயலிக்கு வெளியே எதற்கும் பயன்படாத பெயர்களாக நிற்பதை அப்போது நேரில் பார்ப்பீர்கள்.

ஆகவே இணையதளத்துக்கும் முன்னதாக நான் சொல்வது ஒரு பேரேடு. கணினியில் எக்செல் தாளாக இருந்தாலும் சரி, கோடு போட்ட நோட்டாக இருந்தாலும் சரி. பணம் வந்த அன்றைக்கே பெயர், எண், முகவரி, எடுத்த சேலை, தொகை, கூரியர் எண் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். "புதுச் சரக்கு வந்தால் தெரிவிக்கலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவர் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது என்பது ஒரு காரணம். கேட்காமல் அனுப்பினால் எண்ணையே தடுத்துவிடுவார்கள் என்பது நடைமுறைக் காரணம். சேலைப் பார்சலுக்குள் ஒரு சிறிய அட்டை வையுங்கள். உங்கள் எண்ணையும் இணைய முகவரியையும் அச்சிட்டு, எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கேளுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும்; ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களில் பலர் வியாபார மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதில்லை, அதனால் அவர்களுக்குக் கைப்பேசி எண் போதும். சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்து வாங்குபவர்களிடம் மின்னஞ்சலையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இணையதளம். ஒரு லட்சம் ரூபாய் செலவழித்துப் பெரிய கடை கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு டொமைன் பெயரும் (அதாவது உங்களுக்கென்று ஓர் இணைய முகவரி), சில பக்கங்களும் போதும்: சேலை வகைகள், விலை, அனுப்பும் செலவு, திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை, தொடர்பு எண். டாட் இன் முகவரி ஒன்றை ஓர் ஆண்டுக்கு வைத்திருக்க ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு சேலையின் விலைக்குள் அடங்கிவிடும். இணையதளத்தை வைத்திருக்கும் சர்வரும் இன்னொருவருடையதுதானே என்று நீங்கள் கேட்டால், உண்மைதான். ஆனால் டொமைன் உங்கள் பெயரில் இருக்கும்வரை, ஒரு நிறுவனம் சரியில்லை என்றால் அதே முகவரியோடு வேறொரு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு அந்த மாற்றம் தெரியக்கூடத் தெரியாது. இன்ஸ்டாகிராம் கணக்கை அப்படி எங்கும் எடுத்துச் செல்ல முடியாது. இதில் ஓர் எச்சரிக்கை: இணையதளம் செய்து தருபவர்கள் பலர் டொமைனைத் தங்கள் பெயரிலும் தங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுகிறார்கள். பிறகு அவரோடு மனத்தாங்கல் வந்தால் முகவரியே அவர் கையில் இருக்கும். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

இணையதளத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. "சாயம் போகுமா? எப்படித் துவைப்பது?" என்று வாங்குகிற எல்லோரும் உங்களிடம் கேட்கிறார்கள். ஸ்டோரியில் சொல்லும் பதில் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதையே உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கமாக எழுதி வைத்தால், கூகுளில் அதே கேள்வியைத் தேடுபவர் பல ஆண்டுகள் கழித்தும் அங்கே வந்து சேரலாம். இன்ஸ்டாகிராம் பதிவின் கீழ் எழுதும் குறிப்பில் இணைப்பைப் போட்டால் அதை அழுத்தித் திறக்க முடியாது. ஆகவே உங்கள் கணக்கின் முகப்பிலுள்ள பயோவில் (அறிமுகக் குறிப்பில்) சொந்த இணைய முகவரியைப் போட்டு, ரீல்ஸில் அதை வாயாலேயே சொல்லுங்கள்.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். கணக்கு முடங்கினால் முதலில் செயலிக்குள்ளேயே மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். பலன் இல்லையென்றால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் செய்யுங்கள். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும். அவருடைய முகவரி அந்தத் தளத்திலேயே இருக்கும். புகார் வந்து சேர்ந்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் உறுதி செய்ய வேண்டும், 7 நாட்களுக்குள் தீர்வு சொல்ல வேண்டும் (2026 பிப்ரவரி வரை இது 15 நாட்களாக இருந்தது). அந்த முடிவில் உங்களுக்கு நிறைவில்லை என்றால், 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்திருக்கும் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியாகவே முறையிடலாம். இந்தக் குழுக்கள் 2023இல் செயல்படத் தொடங்கின. சிறு வியாபாரிகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ், கணக்கு உங்களுடையது என்பதைக் காட்டும் படங்கள், வந்த அறிவிப்புகளின் ஸ்க்ரீன்ஷாட்கள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் வைத்திருந்தால் புகார் எழுதும்போது தடுமாற வேண்டியிருக்காது.

இந்தப் பதற்றத்தில் இருக்கும்போதுதான், "மெட்டாவில் ஆள் தெரியும், கணக்கை மீட்டுத் தருகிறேன்" என்று சிலர் வருவார்கள். அவர்களிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஓடிபியும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்து, சைபர் குற்றப் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.