குளிர்ந்தும் பிசுபிசுக்கும் கட்டடங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடலோரத்தில் ஒரு பெரிய அலுவலகம். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் 22 டிகிரி காட்டுகிறது. குளிரத்தான் செய்கிறது. ஆனாலும் உடம்பு பிசுபிசுக்கிறது, காகிதம் நமுத்துப்போகிறது, தரைவிரிப்பில் முடை நாற்றம். உடனே, "ஏசி பத்தவில்லை, இன்னும் பெரிதாகப் போடுங்கள்" என்பார்கள். பல இடங்களில் கோளாறே ஏசி தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதுதான்.

வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 21 கிராம் நீராவி இருக்கும். நமக்கு இதமான 24 டிகிரி, 50 சதவீதத்தில் அது 9 கிராம்தான். மீதி 12 கிராமையும் ஏசிதான் பிழிந்தெடுக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை. ஒரு டன் ஏசி தன் முழுத் திறனையும் இதற்கே செலவிட்டாலும் மணிக்கு ஐந்து லிட்டர் தண்ணீர்தான் எடுக்கும். நொடிக்கு ஒரு கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்தால், அது நமக்கு வேண்டிய அளவுக்கு மேல் மணிக்கு ஐம்பது லிட்டர் தண்ணீரைச் சுமந்து வருகிறது. ஈரத்துக்கு மட்டுமே பத்து டன் போய்விட்டது!

சாதாரணத் தெர்மோஸ்டாட்டுக்கு இந்த ஈரம் தெரியாது. வெப்பநிலை மட்டும்தான் தெரியும். பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஆனால் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான ‘காயில்’ நனைந்து, அதன்மேல் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளான ஃபின்களில் நீர் திரண்டு, வடிகுழாய்க்குப் போய்ச் சேரச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்குள் கம்ப்ரசர் நின்றால் எடுத்த ஈரம் காயிலிலேயே தங்கும். விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஈரம் அப்படியே அறைக்குத் திரும்பும்.

பிசுபிசுப்பு போகவில்லையே என்று மக்கள் 18 டிகிரிக்கு இறக்குகிறார்கள். அங்கேதான் அடுத்த வம்பு. முன்னே சொன்ன வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீரை விட்டுவிடும். குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் டக்டின் மேலுள்ள வெப்பக் காப்பு எங்கேனும் கிழிந்திருந்தால் கூரையிலிருந்து சொட்டும், சுவருக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். பிளம்பரை அழைப்பார்கள்; அவர் பாவம், கசியாத குழாயைத் தேடுவார்.

சரி, என்ன செய்யலாம்? ஏசியின் அளவை மிகச் சூடான வேளையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. மழைமேகம் கவிந்து, வெயில் இல்லாமல், ஈரம் மட்டும் உச்சத்தில் நிற்கும் நாளையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிக்காற்றுக்கென்று தனி யூனிட் வைத்து, ஈரத்தை எடுத்த பிறகே உள்ளே விட வேண்டும். வேகத்தைக் குறைத்து நெடுநேரம் ஓடும் கம்ப்ரசர் நல்லது. சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்வித்துக் காயில்களுக்கு அனுப்பும் இயந்திரம் வைத்திருப்பவர்கள், மின்சாரம் மிச்சம் என்று 7 டிகிரி தண்ணீரைப் பத்துக்கு உயர்த்துமுன் ஈரப்பதமானியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காயில் போதிய அளவு குளிரவில்லை என்றால் ஈரம் வடியாது.

எக்ஸாஸ்ட் விசிறிகளையும் மறந்துவிடுகிறோம். உள்ளே விடுவதைவிட அதிகக் காற்றை வெளியே இழுத்தால், கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக ஈரக்காற்று தானாக நுழையும். அப்புறம் எந்த ஏசி போட்டாலும் திண்டாட்டம்தான்.

நவீன ஏசியின் வரலாறே ஈரத்தில்தான் தொடங்குகிறது. 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பு, நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கானது. ஈரத்தில் விரிந்து சுருங்கும் காகிதத்தால் வண்ண அச்சு விலகிப்போனதுதான் அங்கே பிரச்சினை.

கடைசியாக உப்பு. வெளிப்புற யூனிட்டில் செம்புக் குழாயும் அலுமினிய ஃபின்னும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, விரல் பட்டாலே பொடியாக உதிரும். வாங்கும்போதே பாதுகாப்புப் பூச்சுள்ள காயிலைக் கேளுங்கள். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். ஆனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக. வேகமாகப் பீய்ச்சினால் ஃபின்கள் மடங்கிவிடும்.