ஆஸ்திரோவ்ஸ்கியின் ரூபிள் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்திரோவ்ஸ்கி என்றதும் இங்கே பாதிப் பேருக்கு ‘வீரம் விளைந்தது’ ஞாபகம் வந்திருக்கும். அதை எழுதியவர் நிகலாய் ஆஸ்திரோவ்ஸ்கி, சோவியத் காலத்து ஆள். நான் பேச வந்தது அவருக்கு முந்தைய நூற்றாண்டைச் சேர்ந்த நாடகாசிரியர் அலெக்சாண்டர் ஆஸ்திரோவ்ஸ்கியைப் பற்றி. 1823இல் மாஸ்கோவில் பிறந்தவர், 1886இல் காலமானார். எழுதிய நாடகங்கள் 47. ரஷ்ய நாடகம் என்றால் நமக்குச் செகாவ்தான். ஆனால் மாஸ்கோவின் மாலி தியேட்டருக்குப் போனால் வாசலில் சிலையாக உட்கார்ந்திருப்பவர் இவர். அந்த அரங்கத்தையே ‘ஆஸ்திரோவ்ஸ்கியின் வீடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

இவரைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது ஒன்று. காதல், பக்தி, குடும்ப மானம் என்று இவருடைய ஆட்கள் எதைப் பேசினாலும், கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார் என்று பார்த்தால், நீதிமன்றத்தில்.

அப்பா வழக்குகள் பார்த்தவர். வீடு, மஸ்க்வா ஆற்றுக்குத் தெற்கே வியாபாரிகள் குடியிருந்த ஸமாஸ்க்வரேச்யே பகுதியில். பையனைச் சட்டம் படிக்க மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். அவன் 1843இல் படிப்பை முடிக்காமலே வெளியே வந்தான். அப்புறம் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை. முதலில் குடும்பச் சண்டைகள் வரும் நீதிமன்றம், பிறகு வணிக நீதிமன்றம். அங்கே சம்பளம் மாதம் 4 ரூபிள்தான். ஆனால் கடன் ஏய்ப்பு, பொய்த் திவால், சொத்துக்காக அப்பனும் மகனும் அடித்துக்கொள்வது எல்லாம் தினமும் மேஜைக்கு வந்தது. வழக்கில் மாட்டிய மனிதன் எப்படிப் பேசுவான், எந்த இடத்தில் சாமியைக் கூப்பிடுவான், எந்த இடத்தில் அழுவான் என்பதையெல்லாம் காதால் கேட்டுப் படித்தார். அந்தக் காதுதான் அவருடைய முதலீடு.

1850இல் அவருடைய முதல் பெரிய நாடகம் அச்சில் வந்தது. தலைப்பை நம் பேச்சில் சொன்னால், ‘நம்ம ஆட்கள்தானே, பேசித் தீர்த்துக்கலாம்’. பல்ஷோவ் என்ற வியாபாரி, கடன் கொடுத்தவர்களை ஏமாற்றத் திவாலானதாக நடிக்க முடிவு செய்கிறார். சொத்தை யார் பெயருக்கு மாற்றுவது? நம்பிக்கையான குமாஸ்தா பத்கல்யூஸின் இருக்கிறான். அவனுக்கே மகளையும் கட்டிக் கொடுத்துவிடுகிறார். பிறகு கடன் கொடுத்தவர்கள் பெரியவரைக் கடன்காரச் சிறையில் தள்ளுகிறார்கள். ரூபிளுக்கு 25 கோபெக், அதாவது கடனில் கால் பங்கு, கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை, 10 கோபெக்குக்கு மேல் முடியாது என்கிறான். காவலர் பாதுகாப்போடு வீட்டுக்கு வந்து நிற்கும் அப்பாவிடம் மகள் கேட்கிறாள்: பணத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் மறுபடி பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு திரியணுமா?

சிரிப்பு நாடகம்தான் இது. சிரித்துக்கொண்டே வருகிறோம், இந்த இடத்தில் அந்தத் திருட்டுக் கிழவனுக்காகவே மனசு பதறுகிறது. ஏமாற்றியவனுக்காக நம்மை வருத்தப்பட வைக்கிற இந்த வேலையை இருபத்தேழு வயதுக்குள் செய்துவிட்டார்.

கடைசிக் காட்சியில் பத்கல்யூஸின் நேராகப் பார்வையாளர்கள் பக்கம் திரும்புகிறான். புதுக் கடை திறக்கிறோம், வாங்க. சின்னக் குழந்தையை அனுப்பினாலும் ஒரு வெங்காயம்கூடக் குறையாது என்கிறான். திரை விழுகிறது. தண்டனை யாருக்கும் இல்லை.

இதைத்தான் அரசாங்கத்தால் தாங்க முடியவில்லை. நாடகத்தில் ஒருத்தர்கூட நல்லவர் இல்லை, வியாபாரிகளை அவமதிக்கிறது என்று தணிக்கைக்காரர் எழுதினார். ஜார் முதலாம் நிகலாய், அச்சிட்டதே வீண், நடிக்கத் தடை என்று குறிப்பு எழுதினார். ஆசிரியர் போலீஸ் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். 1851இல் நீதிமன்ற வேலையும் போயிற்று. பத்து வருஷம் கழித்து மேடைக்கு அனுமதி கிடைத்தபோது முடிவை மாற்ற வேண்டியிருந்தது: போலீஸ்காரர் வந்து பத்கல்யூஸினைப் பிடித்துப் போகிறார். அந்தப் போலீஸ்காரரை மேடையிலிருந்து இறக்க 1881 வரை ஆயிற்று!

வேலை போன பிறகு எழுத்துதான் சோறு. அகாஃப்யா இவானவ்னா என்ற எளிய குடும்பத்துப் பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்தார். அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் பணமுடை நிரந்தர விருந்தாளி. 1853இல் அவருடைய வேறொரு நாடகம் முதன்முதலாக மேடை ஏறிய பிறகு, வருஷத்துக்கு ஒன்றாவது எழுதிக்கொண்டே இருந்தார்.

1856இல் கடற்படை அமைச்சகம் எழுத்தாளர்களை நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பியது. இவருக்கு வோல்கா நதியின் மேற்பகுதி. வழியில் வண்டி கவிழ்ந்து காலில் அடி. இருந்தாலும் அந்தப் பயணம் கொடுத்த ஊர்கள்தான் 1859இல் ‘புயல்’ நாடகமாக வந்தன. மாமியாரின் கொடுமையில் மூச்சுத் திணறும் கத்தெரீனா, கணவன் இல்லாதபோது இன்னொருவனைக் காதலித்து, எல்லார் முன்னாலும் அதை ஒப்புக்கொண்டு, வோல்காவில் குதிக்கிறாள். விமர்சகர் தப்ரல்யூபவ் அவளை இருட்டு ராஜ்யத்தில் ஓர் ஒளிக்கீற்று என்றார். பள்ளிப் பாடத்தில் அது நிலைத்துவிட்டது.

எனக்கு அந்த நாடகத்தில் பிடித்த இடம் வேறு. தீக்கோய் என்ற வியாபாரி, கூலியில் ஆளுக்கு ஒரு கோபெக் குறைத்தால் எனக்கு ஆயிரக்கணக்கில் சேரும் என்று மேயரிடமே சொல்லியிருக்கிறான். கத்தெரீனாவின் காதலன் பரீஸ் இந்த ஆளின் சகோதரன் மகன். தீக்கோய் மனசு வைத்தால்தான் பாட்டி சொத்தில் பங்கு. என்னையும் கூட்டிப் போ என்று அவள் கேட்கும்போது அவனால் முடியவில்லை. அதற்குக் கோழைத்தனம் ஒரு காரணம், உயில் இன்னொரு காரணம்.

ஒரு வேடிக்கை. 1859 நவம்பரில் கஸ்த்ரமா நகரில் ஒரு வியாபாரி வீட்டு மருமகளின் உடல் வோல்காவில் கிடைத்தது. அவள் கதைதான் ‘புயல்’ என்று ஊரே நம்பியது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே நாடகத்தை எழுதி முடித்துவிட்டார்.

இவ்வளவு புகழ் இருந்தும் வெளியூர் அரங்குகள் இவர் நாடகத்தை நடித்துக் காசு பார்த்தன, இவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் வரவில்லை. 1874இல் ரஷ்ய நாடகாசிரியர்களுக்குச் சங்கம் அமைந்தது. பிறகு இசையமைப்பாளர்களும் சேர்ந்தார்கள். சாகும்வரை தலைவர் இவர்தான். ஒவ்வொரு நடிப்புக்கும் ஆசிரியருக்குப் பங்கு வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். பழைய வணிக நீதிமன்ற எழுத்தர் அல்லவா! நடுவில் 1873இல், மாலி தியேட்டரில் பழுதுபார்ப்பு நடந்த சமயம், ‘பனிப்பெண்’ என்ற தேவதைக் கதை நாடகமும் எழுதினார், சாய்கோவ்ஸ்கி இசை. இவருடைய மற்ற எழுத்துக்குப் பக்கத்தில் அது தனியாகத்தான் நிற்கிறது.

1886 தொடக்கத்தில் மாஸ்கோ அரசு அரங்குகளின் நாடகத் தேர்வுப் பொறுப்பு கையில் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கேட்டது. ஆனால் அந்தக் கோடையிலேயே, ஷெலிகோவா பண்ணை வீட்டில், ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மேஜையிலேயே உயிர் போயிற்று.

இவர் எழுதியதில் உச்சம் எது என்று கேட்டால் நான் 1878இல் வந்த ‘சீதனம் இல்லாதவள்’ என்பேன். ‘புயல்’ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். லரீஸா அழகி, பாடகி, கையில் பணம் இல்லை. பரத்தவ் என்ற பகட்டுக்காரக் கப்பல் முதலாளி அவளை மயக்கி ஒரு ராத்திரி கூட்டிப் போகிறான். மறுநாள், எனக்குத் தங்கச் சுரங்கத்தோடு பெண் நிச்சயமாகிவிட்டது என்கிறான். இரண்டு பணக்காரர்கள், இருவருமே குடும்பத்துக்கு வேண்டியவர்கள், அவளைப் பாரிஸுக்கு யார் அழைத்துப் போவது என்று நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள். தோற்றவன், வியாபாரி வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று பெருமையாக ஒதுங்கிக்கொள்கிறான். அந்தப் பெருமைதான் கொடூரம். நீ ஒரு பொருள் என்று அவளிடம் முகத்துக்கு நேரே சொல்வது, அவளைக் கட்டிக்கொள்ளவிருந்த ஏழை கரந்தீஷெவ். சரி, பொருள்தான், அப்படியென்றால் விலை உயர்ந்த பொருளாகவே இருந்துவிடுகிறேன் என்கிறாள் அவள். அவன் சுடுகிறான்.

வந்த புதிதில் இந்த நாடகம் எடுபடவில்லை. 1896இல் பீட்டர்ஸ்பர்க் மேடையில் கமிஸர்ஷேவ்ஸ்கயா லரீஸாவாக நடித்த பிறகுதான் இது என்ன நாடகம் என்று ஆட்களுக்குப் புரிந்தது. அப்போது எழுதியவர் போய்ப் பத்து வருஷம். புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தத் திவால் நாடகம். போலீஸ்காரர் வராத பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.