ஒரே ப்ரொபோசல், ரெண்டு கமிட்டி, நேர் எதிரான முடிவு! ஃபண்டிங் ரிஜெக்ட் ஆனவங்க கட்டாயம் பாருங்க

வணக்கம் மக்களே! உங்க ரிசர்ச் ப்ரொபோசல் ரிஜெக்ட் ஆயிடுச்சா? அதையே ஒரு வரி கூட மாத்தாம வேற ரிவ்யூவர்ஸ் கையில குடுத்திருந்தா பணம் கெடச்சிருக்கலாம். ஆறுதலுக்கு சொல்லல, டெஸ்ட் பண்ணியே பாத்திருக்காங்க.

பேக்ரவுண்ட் சட்டுனு: ஆராய்ச்சிக்கு பணம் கேட்டு நீங்க ப்ரொபோசல் எழுதி அனுப்புவீங்க, உங்க துறைக்காரங்களே படிச்சு மார்க் போடுவாங்க, டாப்ல வர்றதுக்கு மட்டும் பணம். அவ்ளோதான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். 1981-ல சயின்ஸ் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவோட நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனுக்கு வந்த 150 ப்ரொபோசல எடுத்து புதுசா வேற ஆளுங்கள வெச்சு மதிப்பிட்டாங்க, கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு முடிவு தலைகீழா போயிடுச்சு! பாதி உங்க தரம், பாதி யார்கிட்ட போய் மாட்டுதுங்கிற அதிர்ஷ்டம்னே எழுதினாங்க.

(திரையில்: 43 ரிவ்யூவர்ஸ், 25 அப்ளிகேஷன்ஸ்)

2018-ல வந்த ஆய்வு இன்னும் பயங்கரம். என்ஐஎச், அதாவது அமெரிக்காவுல மருத்துவ ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கிற அரசு அமைப்பு, அதுக்கு வந்த அப்ளிகேஷன் 25 எடுத்து 43 பேர்கிட்ட குடுத்தாங்க. ஒரே அப்ளிகேஷனுக்கு ரெண்டு பேர் போட்ட மார்க்கும், சம்பந்தமே இல்லாத ரெண்டு அப்ளிகேஷனுக்கு விழுந்த மார்க்கும் ஒரே அளவுக்குதான் ஒத்துப்போச்சு! ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த 25-ம் கடைசில பணம் வாங்கினதுதான். அதாவது குப்பைய கழிக்கிறது ஈஸி, நல்லதுக்குள்ள எது முதல்னு வரிசைப்படுத்துறதுதான் யாராலயும் முடியல. அதான் நியூசிலாந்து ஹெல்த் ரிசர்ச் கவுன்சில் 2013-லேர்ந்து எக்ஸ்ப்ளோரர் கிராண்ட்னு ஒண்ணுல, தகுதியில்லாதத கழிச்சுட்டு மிச்சத்த குலுக்கல்ல விட்டுட்டாங்க! எனக்கு இது ரொம்ப நேர்மையா படுது. உங்களுக்கு ஓகேவா? கமெண்ட்ல சண்டை போடலாம் வாங்க.

சரி, நம்ம கையில இருக்கிற பாதிய பாப்போம். முதல் பக்கத்துலயே என்ன கேள்வி, ஏன் இப்ப, ஏன் நீங்க, மூணும் வந்துடணும், ரிவ்யூவர் முன்னாடி ஒரு கட்டு ப்ரொபோசல் இருக்கு, அசந்துபோய்தான் உங்களோடதுக்கு வருவாரு. முதல் எய்ம், அதாவது ஆராய்ச்சியோட முதல் இலக்கு, ஃபெயில் ஆனா ரெண்டாவதும் படுத்துரும்ங்கிற மாதிரி டிசைன் பண்ணாதீங்க, அத கண்டிப்பா பிடிச்சுருவாங்க.

ரிஜெக்ட் ஆனா கமெண்ட்ஸ அன்னிக்கே அலசாதீங்க, கோவத்துல எல்லாமே தப்பாதான் தெரியும், ரெண்டு மூணு நாள் போகட்டும். ரெண்டு பேர் ஒரே குறைய சொல்லியிருந்தா பிளான மாத்துங்க. ஒருத்தர் தப்பா புரிஞ்சிருந்தா அந்த பாராவ திருப்பி எழுதுங்க, ஏன்னா அடுத்தவரும் அங்கதான் வழுக்குவாரு. என்ஐஎச்ல திருத்தி அனுப்புறப்ப என்னென்ன மாத்தினீங்கன்னு சொல்லவே ஒரு பக்கம் தர்றாங்க, அப்படி மறுபடி வர்ற அப்ளிகேஷனுக்கு சக்ஸஸ் ரேட் புதுசவிட அதிகம். அதனால அந்த ஃபைல டிலீட் பண்ணிடாதீங்க ப்ளீஸ், இந்த வாரமே திறங்க.