வேலூர்க் கோட்டை, 1806: திறந்து கிடந்த வாயில்கள்

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

1806 ஜூலை 10 அன்று வேலூரில் நடந்த சிப்பாய்ப் புரட்சி என்றால், புதுத் தலைப்பாகையை அணியச் சொன்னார்கள், சிப்பாய்கள் வெகுண்டெழுந்தார்கள், வெள்ளையர் அடக்கிவிட்டார்கள் என்ற அளவில்தான் நம்மில் பலருடைய நினைவு நிற்கிறது. தலைப்பாகை காரணமாக இருந்தது உண்மையே. ஆனால் அது திடீரென மூண்ட ஆத்திரம் அன்று. வாரக்கணக்கில் கூடிப் பேசி, நாள் குறித்து நடத்திய எழுச்சி. கோட்டையைப் பிடிப்பதற்குத் திட்டம் இருந்தது; பிடித்த கோட்டையைக் காப்பதற்குத் திட்டம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைய நிகழ்ச்சிகள் விளங்கும் என்பது என் கருத்து.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் களத்தில் மடிந்தபின், அவருடைய பிள்ளைகளும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் குடியமர்த்தப்பட்டார்கள். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதோடு பாளையக்காரர்களின் எதிர்ப்பும் ஒடுக்கப்பட்டது. அரசும் பாளையமும் போனபின் ஆயுதம் ஏந்திப் பழகியவர்களுக்கு இருந்த பிழைப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்றுதான். அப்படி வந்து சேர்ந்தவர்களையே, சிறைப்பட்ட இளவரசர்களின் வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

1805 நவம்பரில் புதுத் தலைப்பாகைக்கு உத்தரவு பிறந்தது. அதில் தோலால் செய்த குஞ்சம் ஒன்று இருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற கேள்வி, பசுவை வணங்குவோரையும் பன்றியை விலக்குவோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. அதை ஒட்டி வந்த நிலையாணை, கவாத்துக்கு வரும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, முகவாயை மழித்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. மாதச் சம்பளத்துக்கு உடம்பைக் கொடுத்தவனிடம், நெற்றியையும் கொடு என்று கேட்டதைப்போல் இருந்தது அது.

மே மாதத்தில் நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் வேலூரிலேயே தலைப்பாகையை வாங்க மறுத்தார்கள். அவர்களில் 21 பேரைச் சென்னைக்குக் கொண்டுவந்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நாம் கூடியிருக்கும் இந்த ராயபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டிச் சற்றே தெற்கே போனால் வருகிற ஜார்ஜ் கோட்டையில்தான் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் ஆட்சி மன்றம் இருந்தது. தலைமைப் படைத்தளபதி சர் ஜான் கிரடாக். ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலைக்கு 900 சவுக்கடி விதிக்கப்பட்டது. ஏனைய 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்டதால் அது விலக்கப்பட்டது. அந்தத் தண்டனையோடு விவகாரம் தீர்ந்ததென்று இங்கே கருதினார்கள். தண்டித்தபின் ஓய்கிற எதிர்ப்பும் உண்டு, வாயை மூடிக்கொண்டு நாள் பார்க்கிற எதிர்ப்பும் உண்டு. இரண்டுக்கும் வேற்றுமை அறிய ஜார்ஜ் கோட்டையில் ஆள் இல்லை.

ஜூன் மாதத்தில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், சதி நடப்பதாகக் தன் பட்டாலியனின் தளபதி கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரில் போய்ச் சொன்னார். தளபதியோ அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். சதியில் இருந்தவர்களே விசாரித்தால் என்ன முடிவு வரும்? அந்த ஆளுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லி விலங்கு மாட்டிவிட்டார்கள்.

ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் அதிகாலையில் கவாத்து இருந்ததால், வழக்கமாக வெளியே தங்கும் சிப்பாய்களில் பலர் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே படுத்திருந்தார்கள். கோட்டையில் ஏறத்தாழ 1,500 இந்தியச் சிப்பாய்களும், 69ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகளாக (படைப்பிரிவுகளாக) 370 வெள்ளையரும் இருந்தனர். இரவுக் காவலைச் சுற்றிப் பார்க்க வேண்டிய வெள்ளை அதிகாரி அந்தப் பொறுப்பைக் கீழே தள்ளிவிட, அது கைமாறி ஜமேதார் சேக் காசிமிடம் வந்து சேர்ந்தது. எழுச்சியின் தலைவர்களில் ஒருவர் அவர்.

விடியலுக்கு முன்பே காவலாளிகள் வீழ்த்தப்பட்டார்கள். உறங்கிக்கொண்டிருந்த படைக்கொட்டடிக்குள் சன்னல் வழியே குண்டுகள் பாய்ந்தன. சத்தம் கேட்டு வெளியே வந்த கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சுடப்பட்டு இறந்தார். மருத்துவமனையில் படுத்திருந்த வெள்ளை நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். புரட்சியைப் போற்றுகிற நாம் இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பதினான்கு அதிகாரிகளும் 69ஆம் ரெஜிமெண்டின் வீரர்களில் நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். கொடிமரத்தில் மைசூரின் புலிக்கொடி ஏறியது.

இதன் பிறகு நடந்ததைத்தான் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உயிர் தப்பிய ஏறத்தாழ அறுபது வெள்ளையர், பிரேடி என்ற சார்ஜெண்டோடு பிரதான வாயிலின் மேலுள்ள மதிலில் ஒண்டிக்கொண்டார்கள். வெடிமருந்துக் கிடங்குவரை போய்ப் பார்த்தும் அவர்களுக்குத் தோட்டா கிடைக்கவில்லை. ஒருமுறை திரண்டு தாக்கியிருந்தால் அந்த அறுபது பேர் நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் சிப்பாய்களில் பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். கட்டளையிட ஒரே தலைவர் என்று எவரும் எழவில்லை. வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் அதற்குள் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். பதினாறு மைல்தான். குதிரை ஏறிப் போகிற செய்திக்கு அந்தக் காலத்தில் அது பெரிய தூரமில்லை. (சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1856 ஜூலையில், இதே ராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் போய்ச் சேர்ந்த வாலாஜா ரோடு, அந்த ஆற்காட்டுக்கு அருகில்தான் இருக்கிறது.)

காலை ஒன்பது மணியளவில் ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி 19ஆம் குதிரைப்படையின் ஒரு பகுதியோடு வந்து நின்றபோது, வெளி வாயில்கள் இரண்டும் திறந்தே கிடந்தன. அகன்ற அகழியும் கருங்கல் மதிலும் ஒரே நுழைவழியும் கொண்ட கோட்டை அது. வாயிலில் உறுதியான காவல் இருந்தால் எளிதில் நெருங்க முடியாது. மூன்றாவது வாயிலை மதிலிலிருந்து இறங்கிவந்த வெள்ளை வீரர்கள் உள்ளிருந்து திறந்துவிட்டார்கள். தன்னை அடையாளம் கண்டுகொண்ட பிரேடியின் ஆட்கள் இறக்கிய கயிற்றைப் பிடித்துக் கில்லெஸ்பி மேலே ஏறினார். பின்னால் வந்த பீரங்கி கடைசி வாயிலைத் தகர்த்ததும் குதிரைப்படை உள்ளே புகுந்தது. எஞ்சிய நேரம் போர் அன்று, வேட்டை. மாளிகையில் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பின் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். வேறு சிலரைச் சுட்டும் தூக்கிலிட்டும் கொன்றார்கள்.

ஒரு வாரத்துக்குள் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதே முடிவை ஜூன் மாதத்தில் எடுத்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று இலண்டனிலேயே கேட்டார்கள். பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். பெண்டிங்க் இருபதாண்டு கழித்துத் தலைமை ஆளுநராகவே திரும்பி வந்தார் என்பது வேறு கதை. திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்குக் கடத்தினார்கள். எழுச்சியில் பங்கேற்ற மூன்று பட்டாலியன்களும் படைப்பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. அச்சம் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், இன்னொரு வேலூர் நேர்ந்துவிடுமோ என்று பாளையங்கோட்டையில் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள்.