லேத் வாங்காதீங்க, முதல்ல கிளப்புக்குப் போங்க! | மரக்கடைசல் கத்துக்க ஆசைப்படுற தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு

[திரை இருட்டு. மரம் சுத்துற சத்தம். திடீர்னு ஒரு "டம்".]

இந்தச் சத்தத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. லேத்ல, அதாவது மரத்தைச் சுத்த வைக்கிற கடைசல் மெஷின்ல, சுத்துற மரத்துல உளி மாட்டிக்கிட்ட சத்தம் இது. கடைசல்காரங்க இதை "கேட்ச்"னு சொல்வாங்க.

[திரை: அகலமான உளி ஒண்ணு, கைப்பிடியைக் கழட்டி.]

இது ஸ்பிண்டில் ரஃபிங் கவுஜ். ரொட்டிக் கட்டையோ நாற்காலிக் காலோ கடையணும்னா, சதுரக் கட்டையை உருண்டையாக்க இதை மாதிரி வேற உளி கிடையாது. ஆனா இதே உளியைக் கிண்ணம் கடையக் கொண்டு போனீங்கன்னா, எஃகு முறிஞ்சு முகத்துக்கு நேரா வரலாம். முன்னாடி பார்க்க இவ்வளவு தடிமனா இருக்கு. கைப்பிடிக்குள்ள போற வாலைப் பாருங்க, எவ்வளவு ஒல்லி! முறியறது அங்கதான். கிண்ணத்துக்கான போல் கவுஜைத் தடி உருளைக் கம்பியில குடைஞ்சு எடுப்பாங்க. அதுல முனையில இருந்து வால் வரைக்கும் ஒரே தடிமன்.

புது உளி செட் வாங்கினா ரெண்டும் ஒரே பெட்டியில வரலாம், "இதைக் கிண்ணத்துல வைக்காதே"ன்னு பெட்டி சொல்லாது. பக்கத்துல நிக்கிற ஒரு ஆள்தான் சொல்லணும். அந்த ஆள் இருக்கிற இடம்தான் மரக்கடைசல் கிளப்.

வணக்கம் மக்களே. டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பிரிட்டோரியா, ஜோபர்க்னு எங்க இருந்து பார்த்தாலும் சரி, இன்னைக்கு இந்தக் கிளப்புகள்ல என்ன நடக்குது, அங்க என்ன கத்துக்கலாம்னு பார்ப்போம்.

வரலாறு சீக்கிரமா: லண்டன்ல கடைசல்காரங்க சங்கத்துக்கு 1604லயே அரச சாசனம் கிடைச்சது. பொழுதுபோக்கா கடையறவங்களுக்கான பெரிய சங்கம் அமெரிக்காவுல 1986ல ஆரம்பிச்சது. நம்ம நாட்டுல அசோசியேஷன் ஆஃப் வுட்டர்னர்ஸ் ஆஃப் சவுத் ஆப்ரிக்கா இருக்கு, உங்க ஊருக்குப் பக்கத்துல எந்தக் கிளப்னு அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம். வரலாறு போதும்.

[திரை: ஈர்க்கு விளக்குமாறு, கட்டு பிரிக்காம.]

உளி ஏன் மாட்டுதுன்னு புரியணும்னா இந்த விளக்குமாத்தைப் பாருங்க. மரத்தோட நாரும் இப்படித்தான், ஒரே பக்கமா அடுக்கின ஈர்க்கு. ரொட்டிக் கட்டை கடையும்போது கட்டு படுத்தமேனிக்கு உருளுது. உளி நாரோட முதுகை மட்டும்தான் சீவுது, அதனால எல்லாம் அமைதியா போகுது. கிண்ணத்துக்கு மரத்தைக் குறுக்க மாட்டுவோம். அப்போ ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை ஈர்க்கு நுனி உளிக்கு நேரா வருது. நிமிஷத்துக்கு 800 சுத்துன்னா 1,600 தடவை! ரஃபிங் கவுஜோட அகல வாய் அந்த நுனிகளை ஒண்ணா கவ்வுது, ஒல்லி வால் தாங்காது. இது ஒண்ணு புரிஞ்சாலே உளி தேர்ந்தெடுக்கிறதுல பாதி குழப்பம் தீர்ந்துடும்.

இப்போ கிளப்புக்குள்ள போவோம். வழக்கமா மாசத்துக்கு ஒரு கூட்டம். அனுபவசாலி ஒருத்தர் லேத்துல நின்னு ஒரு பொருளை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கடைஞ்சு காட்டுவார். பல கிளப்புல லேத்துக்கு மேல கேமரா, சுவர்ல டிவி. புதுசா வர்றவங்க எல்லாரும் மரத்தையேதான் பார்ப்பாங்க. மரத்தை விடுங்க, அவரோட காலைப் பாருங்க. கை நகரவே நகராது. இடுப்பு சாயும், முழங்கால் மடங்கும், உடம்பு போற பக்கம் உளி போகும். கைப்பிடி இடுப்போட ஒட்டியே இருக்கும். வீடியோவுல பெரும்பாலும் முனையை மட்டும்தான் கிட்டக் காட்டுவாங்க, இதெல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே போயிடும்.

எங்க உட்காரணும்னும் சொல்லிடுறேன். மரம் சுத்துற தளத்துக்கு நேர் கோட்டுல உட்காராதீங்க. மரம் பிளந்தா துண்டு அந்தக் கோட்டுலதான் பறக்கும். பக்கவாட்டுல உட்காருங்க.

அடுத்தது செஞ்சதைக் கொண்டுவந்து வைக்கிற மேசை. கூச்சப்படாம வைங்க. கிண்ணத்தைக் கையில எடுக்கிற பெரியவர் முதல்ல அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பார், அப்புறம் விளிம்புல இருந்து அடி வரைக்கும் சுவரை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு, தடிமன் ஒரே மாதிரி வருதான்னு பார்ப்பார். "நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா விடாதீங்க. "ஐயா, இதுல எதை மாத்தணும்?"னு கேளுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கம் ஒண்ணு சில கிளப்புல உண்டு. ஒருத்தர் தான் கடைஞ்ச பொருளை அந்த மாசக் குலுக்கல்ல வைப்பார். ஜெயிக்கிறவர் அதை எடுத்துட்டுப் போகலாம், ஆனா அடுத்த மாசம் தன் கையால கடைஞ்ச ஒண்ணைக் குலுக்கலுக்குக் கொண்டு வரணும். பரிசோட வீட்டுப்பாடமும் சேர்ந்து வருது!

உளி தீட்டுறது. கிளப்புல சேர்ந்த முதல் மாசமே கத்துக்க வேண்டியது இதுதான், எல்லாரும் தள்ளிப்போடுறதும் இதைத்தான். மொக்கை உளி மரத்தைச் சீவாது, பிய்க்கும். சீவல் சுருள் சுருளா வராம தூளா கொட்டினா உடனே லேத்தை நிறுத்துங்க, தீட்டுங்க. நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல சாதாரண கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 2,850 சுத்து ஓடும். மெதுவா ஓடுறது சுமார் 1,425. கத்துக்கிறவங்களுக்கு மெதுவானது நல்லது, தப்பு நடந்தாலும் எஃகு கொஞ்சமாத்தான் தேயும்.

[திரை: உளி முனையில கறுப்பு மார்க்கர் பூசுறது, கிட்டக் காட்சி.]

உளியோட சரிவு முழுக்க மார்க்கரால கறுப்பு அடிங்க. கிரைண்டர் ஆஃப்ல இருக்கட்டும். உளியை வச்சு சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்துங்க. கறுப்பு முனையில மட்டும் அழிஞ்சா கோணம் செங்குத்தா இருக்கு. குதிகால்ல, அதாவது சரிவோட பின்பக்கத்துல, மட்டும் அழிஞ்சா ரொம்பச் சாய்ஞ்சிருக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் அழிஞ்சாத்தான் சுவிட்சைத் தொடணும். சூடாயிடுச்சுன்னு ஹை ஸ்பீடு ஸ்டீல் உளியைத் தண்ணியில முக்காதீங்க, விளிம்புல கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம்.

சரி, மரம்! இந்தப் பகுதி கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

பல கிளப்புல மரத்துண்டு குலுக்கலோ பரிமாற்றமோ இருக்கும். அங்க "கியாட்"னு ஒண்ணு வந்தா விடாதீங்க. கடைஞ்சா வெண்ணெய் மாதிரி வரும், காயும்போது ரொம்பக் கம்மியா சுருங்கும், அதனால கிண்ணம் கோணாது. ஆப்பிரிக்கக் காட்டுல நிக்கிற இந்த மரத்தை வெட்டினா ரத்தச் சிவப்பா பிசின் வழியும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம வேங்கை! கியாட்டும் வேங்கையும் டெரோகார்பஸ்ங்கிற ஒரே பேரினம். செஞ்சந்தனமும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். நம்பிராஜன் வர்றதைப் பார்த்ததும் வள்ளி முன்னால முருகன் வேங்கை மரமா நின்னாரே, அந்த வேங்கையோட சொந்தக்காரன் இங்க லிம்போபோ பக்கமும் மொசாம்பிக்லயும் நிக்குது. தைப்பூசத்துக்குக் காவடி தூக்குற ஊர்ல, அந்தக் காவடித் தண்டோட முனைக்குமிழைக் கியாட்ல கடைஞ்சா எப்படி இருக்கும்! யாராவது செஞ்சிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. ஒரு எச்சரிக்கை: இதோட தூசி சிலருக்கு மூக்கையும் நெஞ்சையும் பாதிக்கும். எஃப்.எஃப்.பி.2ங்கிற தூசி வடிகட்டுற முகமூடி இல்லாம உப்புத்தாள் தேய்க்காதீங்க.

காசில்லாத மரம் வேணுமா? சுத்திப் பாருங்க. ஜக்கரண்டா, சிரிங்கா ரெண்டும் வெளியில இருந்து வந்து பரவின மரம், வெட்டிக்கிட்டேதான் இருக்காங்க. சிரிங்காங்கிறது நம்ம மலைவேம்பு வகை. செம்பழுப்பு வரி அழகா தெரியும். டர்பன் வீடுகள்ல விழுற மாமரத்தையும் விட்டுடாதீங்க. வெட்டின மாங்கட்டையை நிழல்ல, ஈரத்துல சில மாசம் போட்டு வச்சா பூஞ்சை ஏறி, பேனாவால கிறுக்கின மாதிரி கறுப்புக் கோடு ஓடும். இதை ஸ்பால்டிங்னு சொல்வாங்க. நகத்தால அழுத்தினா பள்ளம் விழற அளவுக்குப் போச்சுன்னா அது மக்கல், லேத்துல மாட்டாதீங்க. மாம்பால் பட்டா அரிக்கிறவங்க முழுக்கைச் சட்டை போட்டுக்கோங்க.

தம்போட்டி மரம் பார்க்க அழகு, மணமும் உண்டு. ஆனா இதோட பாலும் தூளும் கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து. சாப்பாட்டுக் கிண்ணம் இதுல வேண்டவே வேண்டாம். மிச்சத் துண்டை பிராய் அடுப்புலயும் போட்டுடாதீங்க. அந்தப் புகையில வெந்த கறியைத் தின்னா வாந்தி, வயித்துப்போக்கு வரும்.

யெல்லோவுட், ஸ்டிங்க்வுட், லெட்வுட், மரூலா, மேல சொன்ன கியாட் எல்லாம் 1998 தேசியக் காடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாம வெட்டக்கூடாது, வச்சிருக்கவோ வண்டியில ஏத்தவோ கூடாது. வழியில கிடந்துச்சுங்கிறது பதில் ஆகாது. கடையில வாங்கினா பில்லைப் பத்திரப்படுத்துங்க.

இனி கைவேலை. கிளப்புல பழகுநர் நாள் இருந்தா முதல் பொருளா ரொட்டிக் கட்டை கேளுங்க. கிண்ணம் கேட்காதீங்க.

45 மில்லிமீட்டர் சதுரம், 450 நீளம், முடிச்சில்லாத கெட்டி மரம். காட்டு ஆலிவ் கிடைச்சா அருமை. ரெண்டு முனையிலயும் மூலைக்கு மூலை கோடு போட்டு நடுவைக் குறிங்க. டிரைவ் சென்டரை, அதாவது கட்டையைக் கவ்விச் சுத்துற பல்முனையை, கட்டையில அடிக்கிறது லேத்துக்கு வெளியே, மேசை மேல. லேத்துல மாட்டி அடிச்சா பேரிங் போயிடும். கட்டையோட மறுமுனையைத் தாங்குற டெயில்ஸ்டாக்கை இறுக்குங்க, ஆனா ரொம்ப இறுக்கினா ஒல்லிக் கட்டை வில்லா வளைஞ்சு அதிரும். உளியைச் சாய்ச்சு வைக்கிற டூல் ரெஸ்ட் மரத்துல இருந்து ஒரு விரல் இடைவெளிக்குள்ள இருக்கட்டும். கையால ஒரு சுத்து சுத்தி எங்கேயும் இடிக்கலைன்னு பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

வேகம் எவ்வளவு? கிளப்புல ஒரு கணக்கு சொல்வாங்க: விட்டத்தை அங்குலத்துல எடுத்து வேகத்தால பெருக்கினா 6,000க்கும் 9,000க்கும் நடுவுல வரணும். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600ல இருந்து 900 வரை. அது முழுசா உருண்டையான மரத்துக்கு. சதுரக் கட்டையை எப்பவும் அதைவிடக் கீழே ஆரம்பிங்க. நம்ம ஒல்லிக் கட்டைக்கு இந்தக் கணக்கு ரொம்ப வேகம் காட்டும்; கத்துக்கிறவங்களுக்கு முதல்ல 800, உருண்டை ஆனதும் 1,500 போதும்.

உளியை முதல்ல டூல் ரெஸ்ட்ல வைங்க, அப்புறம் சரிவோட முதுகு மரத்தை உரசட்டும், அப்புறமா கைப்பிடியை மெல்ல உயர்த்தினா முனை வெட்ட ஆரம்பிக்கும். வரிசையை மாத்தி முனையை முதல்ல வச்சீங்கன்னா, ஆரம்பத்துல கேட்ட "டம்".

உருண்டை ஆனதும் விட்டம் அளக்கிற காலிப்பரை முடிவு அளவைவிட 1 மில்லிமீட்டர் கூட வச்சு, பார்ட்டிங் உளிங்கிற ஒல்லி உளியால நாலஞ்சு இடத்துல பள்ளம் போடுங்க. பள்ளத்துக்குப் பள்ளம் சமமா சீவிட்டா கட்டை நேரா வந்துடும். உப்புத்தாள் 120, 180, 240, 320. தேய்க்கும்போது டூல் ரெஸ்டைக் கழட்டிடுங்க, விரல் நடுவுல சிக்கும். கடைசித் தாளை லேத்தை நிறுத்திட்டு நீளவாக்குல தேயுங்க, குறுக்குக் கீறல் மறையும். மெருகுக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டா சிக்கு வாடை அடிக்கும். உணவுக்கு ஏத்த மினரல் ஆயில் போடுங்க.

கிண்ணம் பத்தி ஒண்ணே ஒண்ணு: பச்சை மரத்துல கடைஞ்சா சுவரை விட்டத்துல பத்துல ஒரு பங்கு தடிமனா விடுங்க, 250 மில்லிமீட்டருக்கு 25. காகிதப் பையில போட்டு வச்சு வாராவாரம் சமையல் தராசுல நிறுங்க. எடை இறங்குறது நின்னா காய்ஞ்சாச்சு, மறுபடி மாட்டிக் கடையலாம். ஆனா டர்பன் கடல்காத்துல காய்ஞ்சது ஜோபர்க் குளிர்காலத்துக்கு இன்னும் ஈரம்தான். அங்க இருக்கிற அத்தைக்குப் பரிசா அனுப்பினா வெடிக்கலாம். அதனால இறுதிச் சுவரை 6 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாங்க. மெல்லிய சுவர் வெடிக்காம கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும்.

இவ்வளவும் கிளப் லேத்துல பழகின பிறகு சொந்த லேத் வாங்கலாம். பழைய லேத் விற்கிற ஆளை யாராவது ஒரு உறுப்பினருக்குத் தெரிஞ்சிருக்கும். போகும்போது வெர்னியர் எடுத்துட்டுப் போய் ஸ்பிண்டில் மறையை, அதாவது சுத்துற தண்டோட முனையில இருக்கிற திருகு மறையை, அளந்துடுங்க. 33 மில்லிமீட்டர் விட்டத்துல 3.5 மில்லிமீட்டர் மறையா (எம்33), ஒரு அங்குல விட்டத்துல அங்குலத்துக்கு 8 மறையா, வேற ஏதாவதான்னு எழுதி வச்சுட்டுத்தான் மரத்தைக் கவ்விப் பிடிக்கிற சக் வாங்கணும். மறை சேரலைன்னா சக் வெறும் இரும்புக் கட்டி. அப்புறம் சுவிட்ச். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது லேத் தானா ஓட ஆரம்பிச்சா கை போயிடும். கரண்ட் வந்தாலும் நாம பச்சைப் பொத்தானை அழுத்துற வரைக்கும் ஓடாத நோ-வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. சோதிக்கிறது சுலபம்: லேத் ஓடிக்கிட்டு இருக்கும்போது சுவர்ல இருக்கிற சுவிட்சை அணைச்சுட்டு மறுபடி போடுங்க. தானா சுத்தினா, விலை பேசறதுக்கு முன்னாடி அந்தச் சுவிட்சை மாத்துற செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.